ஒரு நாள் கூலி

1894ஆம் ஆண்டு, ஜனவரி 6ஆம் நாள். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள பிர்கன்ஹெட் நகரத் திடலில் இங்கிலாந்தும் வேல்ஸும் ரக்பி ஆட்டத்தில் மோதின. வேல்ஸ் குழுவின் தலைவர் ஆர்தர் கூல்ட், அந்நாட்டு மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நட்சத்திர ஆட்டக்காரர். இங்கிலாந்துக் குழுவின் தலைவர் டிக்கி லாக்வுட். ஐந்தடி ஐந்து அங்குலத்தைக்கூடத் தொடாத உயரம். வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்.

அன்று இங்கிலாந்து 24க்கு 3 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. லாக்வுட் எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றி ‘ட்ரை’ ஒன்றைப் பெற்றார். பந்தை உதைத்தும் புள்ளிகள் சேர்த்தார். அதே ஆண்டில் அவர் இங்கிலாந்துக்காகத் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். அடுத்த ஆண்டில் அந்த விளையாட்டே இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவுக்குக் காரணம் பெரும்பணம் அன்று. ஒரு நாள் கூலி.

சுரங்கமும் ஆலையும் வளர்த்த விளையாட்டு

ரக்பி முதலில் இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளில் வளர்ந்தது. 1871இல் லண்டனில் கூடிய 21 கழகங்கள் இங்கிலாந்து ரக்பி சங்கத்தைத் தோற்றுவித்தன. அக்கழகங்களில் ஆடியவர்களுள் பலர் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வணிகர்கள் போன்றோர். அவர்களுக்கு விளையாட்டு ஒரு பொழுதுபோக்கு. அதற்காக யாரும் பணம் பெறக்கூடாது என்பது அவர்களின் உறுதியான கொள்கை.

ஆனால், அடுத்த சில ஆண்டுகளில் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் வட்டாரங்களிலும் ரக்பி வேரூன்றியது. அவை நிலக்கரிச் சுரங்கங்களும் கம்பளி, பருத்தி ஆலைகளும் நிறைந்த பகுதிகள். அங்குள்ள தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல்தான் ஓய்வு நேரம். ஆலைச் சங்கு ஊதியதும் அவர்கள் திடலை நோக்கி விரைந்தனர். சிலர் ஆடுவதற்கு, பலர் பார்ப்பதற்கு. 1877இல் யார்க்‌ஷயர் கிண்ணப் போட்டி தொடங்கியபின் ஊருக்கு ஊர் போட்டி மனப்பான்மை பெருகியது. தங்கள் ஊர்க் குழு வெல்வதை ஊரே பெருமையாகக் கருதியது.

இத்தகைய சூழலில்தான் 1867ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்ட் நகருக்கு அருகிலுள்ள கிரிகிள்ஸ்டன் என்னும் சிற்றூரில் ரிச்சர்ட் எவிசன் லாக்வுட் பிறந்தார். ‘டிக்கி’ என்பது அவரின் செல்லப்பெயர்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது

லாக்வுட் 16 வயதிலேயே டியூஸ்பரி கழகத்தின் முதன்மைக் குழுவில் இடம்பெற்றார். உருவத்தில் சிறியவர் என்பதால் எதிரணியினர் அவரை முதலில் பொருட்படுத்தவில்லை. ஆனால், கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது அல்லவா? பந்து கைக்கு வந்ததும் அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் திசைமாறி ஓடுவார். தம்மைவிடப் பருத்த ஆட்டக்காரர்களையும் அஞ்சாமல் பிடித்து வீழ்த்துவார். யார்க்‌ஷயர் மக்கள் அவருக்கு ‘லிட்டில் டைக்’ என்று பட்டப்பெயர் சூட்டினர். ‘டைக்’ என்பது யார்க்‌ஷயர்க்காரர்களைக் குறிக்கும் வட்டாரச் சொல். ‘நம்ம ஊர்ச் சின்னப் பையன்’ என்னும் உரிமையும் பெருமையும் அப்பெயரில் கலந்திருந்தன.

1887ஆம் ஆண்டு ஜனவரியில், 19 வயதில் அவர் முதன்முறையாக இங்கிலாந்துக்காகக் களமிறங்கினார். வேல்ஸின் லனெத்லி நகரில் அந்த ஆட்டம் நடைபெற்றது. கடுங்குளிரில் திடல் உறைந்துபோனதால் ஆட்டத்தைப் பக்கத்திலிருந்த கிரிக்கெட் திடலுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இரு குழுக்களும் புள்ளி ஏதும் பெறவில்லை.

அன்று தொடங்கி 1894 வரை அவர் இங்கிலாந்துக்காக 14 முறை ஆடினார். 1892ஆம் ஆண்டில் இங்கிலாந்து வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய மூன்று குழுக்களையும் வென்றது. அம்மூன்று ஆட்டங்களிலும் எதிரணியினரால் ஒரு புள்ளியைக்கூடப் பெற முடியவில்லை. அம்மூன்றிலும் லாக்வுட் ஆடினார். அவர் ஆடிய யார்க்‌ஷயர் மாவட்டக் குழுவும் அக்காலத்தில் நாட்டிலேயே வலிமை மிக்கதாக விளங்கியது. 1889 முதல் 1896 வரை நடந்த எட்டு மாவட்ட வாகையர் போட்டிகளுள் ஏழில் யார்க்‌ஷயரே வாகை சூடியது.

வெற்றிக்குப் பின்னால் ஒரு கணக்கு

இவ்வெற்றிகளுக்குப் பின்னால் எவரும் எழுதி வைக்காத ஒரு வரவு செலவுக் கணக்கு இருந்தது.

யார்க்‌ஷயரிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்று ஆட வேண்டும் என்றால் முதலில் ரயிலில் பயணம் செய்ய வேண்டும். பிறகு கப்பலில் கடலைக் கடக்க வேண்டும். ஆட்டம் முடிந்து வீடு திரும்புவதற்குள் இரண்டு மூன்று நாள்கள் கழிந்துவிடும். வழக்கறிஞரோ வணிகரோ அந்நாள்களில் அலுவலகம் செல்லாவிட்டாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். சுரங்கத் தொழிலாளியின் நிலை அப்படியன்று. அவர் வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத நாளில் வீட்டில் உணவுக்கும் வாடகைக்கும் தட்டுப்பாடு. நாட்டுக்காக ஆடும் பெருமை அவருக்குக் கிடைத்தது. அந்தப் பெருமைக்கான விலையை அவர் குடும்பம் கொடுத்தது.

எனவே, இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்யலாம் என்ற கோரிக்கை வடக்கில் எழுந்தது. இதனைக் ‘கூலியிழப்பு ஈட்டுத்தொகை’ எனலாம். ஆடுவதற்கு ஊதியம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆடுவதால் ஏற்படும் இழப்பைச் சரிக்கட்டினால் போதும் என்றே கேட்டனர்.

இங்கிலாந்து ரக்பி சங்கம் இதற்கு இணங்கவில்லை. காற்பந்தில் நடந்தது சங்கத் தலைவர்களின் மனத்தில் அச்சத்தை ஏற்படுத்தியிருந்தது. 1883இல் இங்கிலாந்துக் காற்பந்துக் கிண்ண இறுதியாட்டத்தில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்னும் வடக்குத் தொழிலாளர் குழு, புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர் குழுவைத் தோற்கடித்தது. 1885இல் காற்பந்து ஆட்டக்காரர்கள் ஊதியம் பெற அனுமதி வழங்கப்பட்டது. அதன்பின் பழைய மாணவர் குழுக்களால் முன்னணியில் நிற்க முடியவில்லை. ரக்பிக்கும் அந்நிலை வந்துவிடும் என்று எண்ணிய சங்கம், 1886இல் பணம் பெறுவதைத் தடைசெய்யும் கடுமையான விதிகளை வகுத்தது. பணம் நுழைந்தால் சூதாட்டமும் ஏமாற்றும் பின்தொடரும்; மகிழ்ச்சிக்காக ஆடுவோருக்கு இடமிராது என்பது அவர்களின் வாதம். அந்த அச்சத்தில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், அவ்விதியின் சுமையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை.

ஐயத்தின் நிழலில்

விதி கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. 1888இல் ஒரு குழு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சுற்றுப்பயணம் புறப்பட்டது. அதில் இடம்பெற்ற ஹாலிஃபேக்ஸ் கழகத்தின் ஜாக் கிளவ்ஸ், பயணத்துக்கான உடைகள் வாங்க 15 பவுண்டு பெற்றிருந்தார். அதனைக் காரணங்காட்டி, அவர் பணத்திற்காக ஆடுபவர் என்று சங்கம் தீர்ப்பளித்தது. அவர் உலகின் மறுகோடிவரை பயணம் செய்தும் அங்கு ஓர் ஆட்டத்திலும் கலந்துகொள்ள முடியவில்லை.

லாக்வுட்டும் இந்த ஐயத்தின் நிழலிலிருந்து தப்பவில்லை. 1889இல் அவர் டியூஸ்பரியை விட்டு அண்டை நகரமான ஹெக்மண்ட்வைக்கின் கழகத்தில் சேர்ந்தார். அதற்காக அவர் பணம் வாங்கினாரோ என்ற ஐயம் எழுந்தது. யார்க்‌ஷயர் ரக்பி நிர்வாகிகள் அவரை அழைத்து விசாரித்தனர். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அவர் தொடர்ந்து ஆடினார். இறுதியில் நாட்டின் குழுத்தலைவராகவும் உயர்ந்தார். எனினும், ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் திறமையை மட்டுமன்றித் தம் நேர்மையையும் மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் வடக்கின் தொழிலாளர் ஆட்டக்காரர்கள் இருந்தனர்.

282க்கு 136

1893ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், லண்டனில் ரக்பி சங்கத்தின் பொதுக்கூட்டம் நடைபெற்றது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் மில்லர் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். ஆட்டத்தின் பொருட்டு உண்மையாகவே வேலை நேரத்தை இழக்கும் ஆட்டக்காரருக்கு ஈட்டுத்தொகை வழங்க அனுமதிக்க வேண்டும் என்பதே அத்தீர்மானம். அதற்கு ஆதரவாக வாக்களிக்க வடக்கிலிருந்து பலர் தனி ரயில்களில் வந்து குவிந்தனர்.

எதிர்ப்பாளர்களும் வாளாவிருக்கவில்லை. கூட்டத்திற்கு நேரில் வராத கழகங்களின் வாக்குகளையும் அவர்கள் முன்கூட்டியே திரட்டி வைத்திருந்தனர். தீர்மானம் 136க்கு 282 என்ற வாக்குக் கணக்கில் தோல்வியடைந்தது.

அதற்கு அடுத்த ஜனவரியில்தான் லாக்வுட் பிர்கன்ஹெட்டில் இங்கிலாந்தை வெற்றிப் பாதையில் நடத்தினார். தொழிலாளர் ஒருவரை நாட்டின் குழுத்தலைவராக ஏற்க முடிந்தவர்களால், அவர் போன்றோர் இழக்கும் கூலியை ஈடுசெய்ய மட்டும் முடியவில்லை.

இரண்டாகப் பிரிந்த பாதை

1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கழகங்களின் பேராளர்கள் கூடினர். இங்கிலாந்து ரக்பி சங்கத்திலிருந்து விலகி, ‘வட ஒன்றியம்’ என்னும் புதிய அமைப்பை உருவாக்க அவர்கள் முடிவெடுத்தனர். ஆட்டத்தினால் வேலை இழந்தவருக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் ஈட்டுத்தொகை வழங்கலாம் என்பது அதன் விதி. அக்காலத்தில் 20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுண்டு. ஆறு ஷில்லிங் என்பது கைத்தொழில் கற்ற ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஒரு நாள் கூலி. அவ்வளவுதான், அதற்காகவே ஒரு விளையாட்டு இரண்டாயிற்று.

செப்டம்பர் 7ஆம் நாள் புதிய அமைப்பின் ஆட்டங்கள் தொடங்கின. முதல் பருவத்தில் 22 கழகங்கள் பங்கேற்றன. மேனிங்ஹம் கழகம் வாகை சூடியது.

லாக்வுட் வட ஒன்றியத்தைச் சேர்ந்த வேக்ஃபீல்ட் டிரினிட்டி கழகத்தில் இணைந்தார். இவ்வாறு அவர் ரக்பியின் இரு பிரிவுகளிலும் ஆடியவர் ஆனார். அம்முடிவு எளிதானதன்று. வட ஒன்றியத்தில் ஒருமுறை ஆடியவர் பழைய சங்கத்தின் கீழ் மீண்டும் ஆட முடியாது. முந்திய ஆண்டில் நாட்டின் குழுத்தலைவராக இருந்தவருக்கும் அதே தடைதான். கதவு ஒருமுறை மூடினால் மீண்டும் திறக்காது என்பதை அறிந்தே அவர் அப்பாதையில் அடியெடுத்து வைத்தார்.

இரு தலைவர்கள், இரு முடிவுகள்

பிர்கன்ஹெட் திடலில் எதிரெதிரே நின்ற இரு தலைவர்களையும் மீண்டும் நினைவுகூர்வோம்.

1897ஆம் ஆண்டு ஆர்தர் கூல்ட் ஓய்வுபெறும் வேளையில், வேல்ஸ் மக்கள் அவருக்காக நிதி திரட்டினர். நியூபோர்ட் நகரில் நடந்த பெரிய விருந்தில் ஒரு வீட்டின் உரிமைப்பத்திரம் அவரிடம் வழங்கப்பட்டது. இது பணம் பெறுவதற்கு ஒப்பாகும் என்று பிற நாட்டுச் சங்கங்கள் எதிர்த்தன. பெரும் சர்ச்சை எழுந்தது. இறுதியில், கூல்டின் நிலை விதிவிலக்கானது என்று இங்கிலாந்து ரக்பி சங்கம் கூறி அச்சர்ச்சையை முடித்தது. உடைக்காக 15 பவுண்டு பெற்ற கிளவ்ஸுக்குக் காட்டப்படாத இரக்கம், வீடு பெற்ற கூல்டுக்குக் காட்டப்பட்டது. கூல்ட் தவறு செய்தார் என்று சொல்வதற்கில்லை. மக்கள் அன்போடு தந்ததை அவர் ஏற்றார். வளைய முடியாதது என்று சொல்லப்பட்ட விதி, வேண்டும்போது வளைந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

அதே 1897ஆம் ஆண்டில் லாக்வுட் கடன் சுமை தாங்காமல் நொடித்துப்போனார். கரவொலியும் பட்டப்பெயரும் கடனை அடைக்க உதவவில்லை. புதிய அமைப்பு தந்த ஈட்டுத்தொகை, இழந்த கூலிக்குத்தான் ஈடாகும், எதிர்காலத்திற்குச் சேமிப்பாகாது. 1915ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், தம் 48ஆவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், லாக்வுட் காலமானார்.

காலம் சொன்ன தீர்ப்பு

பிளவுக்குப்பின் இரு பிரிவுகளும் தத்தம் வழியில் சென்றன. வட ஒன்றியம் 1898இல் ஆட்டக்காரர்கள் வெளிப்படையாக ஊதியம் பெற அனுமதித்தது. ஆயினும், அவர்களுக்கு வேறொரு முறையான தொழிலும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 1906இல் குழுவின் எண்ணிக்கையை 15இலிருந்து 13ஆகக் குறைத்தது. ஆட்டம் விரைவாகவும் பார்ப்பதற்கு விறுவிறுப்பாகவும் மாறியது. 1922இல் அவ்வமைப்பு ‘ரக்பி லீக்’ என்னும் பெயரைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. பழைய பிரிவு ‘ரக்பி யூனியன்’ என்று வழங்கலாயிற்று.

பழைய சங்கமும் இழப்பைச் சந்தித்தது. வடக்கின் வலிமையான ஆட்டக்காரர்களை இழந்த இங்கிலாந்து, 1892இல் வென்ற வாகையர் பட்டத்தை மீண்டும் வெல்ல 1910 வரை காத்திருக்க நேர்ந்தது.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், ரக்பி யூனியனின் அனைத்துலக வாரியம் ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறுவதற்கான தடையை நீக்கியது. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்தின் நூறாண்டு நிறைவுக்கு அப்போது சில நாள்களே எஞ்சியிருந்தன. லாக்வுட்டின் தலைமுறை கேட்டது இழந்த ஒரு நாள் கூலியை மட்டுமே. அதைவிடப் பன்மடங்கு கொடுக்க அந்த விளையாட்டு முன்வந்தபோது, கேட்டவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

எல்லாருக்கும் ஒரே விதி என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், ஒரே அளவுள்ள மூட்டையை வயிறு நிறைந்தவர் தூக்குவதற்கும் பசியோடு இருப்பவர் தூக்குவதற்கும் வேறுபாடு உண்டு. விதியை வகுப்பவர்கள் மூட்டையின் எடையை மட்டும் பார்க்காமல், அதைத் தூக்குபவரின் தோளையும் பார்க்க வேண்டும். டிக்கி லாக்வுட்டின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதையே.

அருஞ்சொற்பொருள்

ஈட்டுத்தொகை – இழப்பைச் சரிசெய்யக் கொடுக்கப்படும் பணம்
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் சும்மா இருத்தல்
பேராளர் – ஓர் அமைப்பின் சார்பில் கலந்துகொள்பவர்
நொடித்துப்போதல் – பணம் இழந்து கடனை அடைக்க முடியாத நிலையை அடைதல்
உரிமைப்பத்திரம் – ஒரு சொத்து யாருக்கு உரியது என்பதைக் காட்டும் ஆவணம்

கருத்துணர் கேள்விகள்

1. லாக்வுட்டிற்குக் ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்னும் பழமொழி எவ்வாறு பொருந்துகிறது?
2. ஊதியத்திற்கும் கூலியிழப்பு ஈட்டுத்தொகைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஆட்டக்காரர்கள் பணம் பெறுவதை ரக்பி சங்கம் எதிர்த்ததற்கான காரணங்கள் இரண்டனைக் கூறுக.
4. ‘வளைய முடியாதது என்று சொல்லப்பட்ட விதி, வேண்டும்போது வளைந்தது.’ கிளவ்ஸ், கூல்ட் ஆகியோரின் அனுபவங்களைக் கொண்டு இக்கூற்றை விளக்குக.
5. லாக்வுட் வேக்ஃபீல்ட் டிரினிட்டியில் சேர எடுத்த முடிவு ஏன் எளிதானதன்று?

கலந்துரையாடுக

பள்ளி விளையாட்டுக் குழுவில் சேரும் மாணவர்கள் அனைவரும் காலணி, சீருடை, பயணச் செலவு ஆகியவற்றைத் தாங்களே ஏற்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்க. அவ்விதி எல்லாருக்கும் பொதுவானதா? அது எல்லாருக்கும் நியாயமானதா? உம் கருத்தைக் காரணங்களுடன் குழுவில் எடுத்துரைக்கவும்.